செயின்ட் ஹெலினாவில் சிறுவர் நூற்றுக்கு எத்தனை பேர்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்

வெள்ளவத்தை அம்மா (கேள்வி)

மகள் தரம் 10. புவியியலுக்கு ஒரு ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். தனிநாடாக இல்லாத ஒரு சின்னத் தீவை எடுத்து, அதன் சனத்தொகையில் சிறுவரின் பங்கு என்ன என்று பார்த்து, இலங்கையோடு ஒப்பிட வேண்டும். வகுப்பில் பலர் மாலைதீவு என்று எழுதிக்கொண்டு போய், அது தனிநாடு என்று திரும்பி வந்திருக்கிறார்கள். இவள், நெப்போலியனைச் சிறைவைத்த தீவு என்ற புண்ணியத்தில், தென் அத்திலாந்திக் கடலில் பிரிட்டனின் கீழ் இருக்கும் செயின்ட் ஹெலினாவைப் பிடித்துக்கொண்டாள்.

பிரச்சினை என்னவென்றால், ஓர் அட்டவணை 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எண்ணுகிறது, இன்னொன்று 18க்குக் கீழே. ஒன்று அன்றிரவு தீவில் நின்ற எல்லோரையும் சேர்க்கிறது, மற்றது அங்கேயே குடியிருப்பவர்களை மட்டும். எதை எடுப்பது? எதை எடுத்தாலும் இலங்கையை விடக் குறைவாகத்தான் வருகிறது. கடலுக்கு நடுவில், வேறு பொழுதுபோக்கும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் நிறைய இருக்க வேண்டாமா என்று மாமி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை 13

0–14 எடுங்கள். இலங்கைப் புள்ளிவிபரமும் அந்த வயதுப் பிரிவில்தான் கிடைக்கும்: 2012 தொகைமதிப்பில் 25.2 சதவீதம், 2024இல் 20.7. 18 வயது என்பது 1989 சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் வரும் எல்லை. இரண்டையும் கலந்தால் ஒப்பீடே பிழை.

பழைய பூகோளம்

தங்கச்சி, பம்பலப்பிட்டியில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மாமியின் கேள்வியைத்தான் பரீட்சையில் கேட்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் ட குன்யா மூன்றும் சேர்ந்துதான் ஒரே பிரிட்டிஷ் ஆட்புலம். சில அட்டவணைகள் மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடும். அசென்ஷனில் யாருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. வேலை ஒப்பந்தத்தோடு வருகிறவர்களும் அவர்களின் குடும்பமும்தான். அங்கே வளரும் பிள்ளை படிப்பு முடிந்ததும் தானே ஒரு வேலை தேடிக்கொள்ளாவிட்டால் தீவை விட்டுப் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தையும் சேர்த்து வகுத்தால் வரும் எண் எந்தத் தீவின் எண்?

இனி மாமிக்கு. சின்னத் தீவில் சிறுவரின் பங்கைப் பிரசவ வார்ட்டை விடத் துறைமுகம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. 1901இல் செயின்ட் ஹெலினாவில் 9,850 பேர். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் அங்கே இருந்ததில்லை. காரணம், தென்னாபிரிக்காவில் நடந்த போரில் பிரிட்டிஷார் பிடித்த போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) கைதிகள் 6,000 பேருக்கு மேல். (அதே போரின் கைதிகளைத்தான் 1900இல் நம் தியத்தலாவைக்கும் கொண்டுவந்து முகாம் போட்டார்கள். மகளுக்குச் சொல்லுங்கள், ஒப்படையில் ஒரு நல்ல வரி.) வந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். ஆகவே தீவில் ஒரு பிள்ளைகூடக் குறையாமலே சிறுவரின் பங்கு விழுந்துவிடும்.

பிறகு நடந்தது இதற்கு மறுபக்கம். பிரிட்டனின் 1981 குடியுரிமைச் சட்டம் தீவு மக்களுக்கு பிரிட்டனில் வாழும் உரிமையை இல்லாமல் செய்தது. 2002இல் முழுக் குடியுரிமை திரும்பக் கிடைத்ததும் வாலிப வயதினர் பெட்டியைக் கட்டினார்கள். 1998இல் 5,000க்கு மேல் இருந்த சனத்தொகை 2008இல் 4,300க்குக் கீழே இறங்கியது. போனவர்கள் யார்? பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்கள். ஃபோக்லாந்து, அசென்ஷன், இங்கிலாந்து என்று போனார்கள். சிலர் பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுப் போனார்கள், நம் ஊரில் மத்திய கிழக்குக்குப் போகும் தாய்மார் செய்வது போல. 2017இல் விமானப் போக்குவரத்து தொடங்கும்வரை கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள். போனவர் அடிக்கடி வந்துபோகவா முடியும்?

நேர்எதிர் உதாரணம் வேண்டுமானால் மயோட். மொசாம்பிக் கால்வாயில், பிரான்சின் கீழ். 2017 கணக்கெடுப்பில் 256,518 பேர், அதில் பாதிப் பேர் 18 வயதுக்குக் கீழ். 2021, 2022இல் வருடத்துக்கு 10,000க்கு மேல் பிறப்புகள். பக்கத்துக் கொமொரோஸிலிருந்து இளம் பெண்கள் படகில் வருகிறார்கள். மயோட்டின் இளைஞர்களோ படிக்கவும் வேலைக்கும் பிரான்ஸ் பெருநிலத்துக்குப் போகிறார்கள். வகுப்பறை போதாமல் காலையில் ஒரு கூட்டம், பின்னேரம் ஒரு கூட்டம் என்று ஆரம்பப் பாடசாலை நடக்கிறது. கடலுக்கு நடுவில் இருப்பது இரண்டு தீவும்தான். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பதைப் பாருங்கள்.

குறிகட்டுவான் கரை

நான் நெடுந்தீவில் பிறந்து இப்போது தெஹிவளையில் இருப்பவன். சேர் சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது: பள்ளிக்கூடம். எங்கள் ஊரில் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் குமுதினிப் படகில் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டும். பிள்ளை தனியாகப் போவதில்லை. அம்மாவும் போய் அங்கே ஓர் அறை வாடகைக்கு எடுப்பார், கீழே இருக்கும் தம்பி தங்கச்சியும் கூடவே. ஒரு பிள்ளைக்காக மூன்று பிள்ளைகள் கணக்கிலிருந்து போய்விடுவார்கள். அப்பாவும் ஆச்சியும் ஆட்டுக்குட்டிகளும் தீவில். பிறகு அந்தப் பிள்ளை கொழும்பு, அப்புறம் கனடா.

ஒப்பிடுவதென்றால் முழு இலங்கையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? நெடுந்தீவு தனிப் பிரதேச செயலாளர் பிரிவு. வயது வாரியான அட்டவணை தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தில் எடுக்கலாம். செயின்ட் ஹெலினாவும் நெடுந்தீவும் சில ஆயிரம் பேர் வாழும் தீவுகள். அதுதான் நியாயமான சோடி.

வெள்ளவத்தை அம்மா

நெடுந்தீவு யோசனை மகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, அவளுடைய அப்பப்பா புங்குடுதீவு. ஆனால் இவ்வளவு சின்ன எண்களில் சதவீதம் போட்டால் மிஸ் ஏதும் சொல்லுவாரா? மயோட்டையும் சேர்க்கலாமா?

பழைய பூகோளம்

நெடுந்தீவுக்காரர் சொன்னது சரியான கருத்து. முழு இலங்கை ஒரு வரியில் இருக்கட்டும், ஒப்படை அப்படித்தானே கேட்கிறது. நெடுந்தீவை அதன் கீழே போடுங்கள்.

மயோட் 2011 மார்ச் முதல் பிரான்சின் முழு மாவட்டம். அதையே தலைப்பாக எடுத்தால் மிஸ் ஏற்பாரோ என்னவோ, எதிர் உதாரணமாக ஒரு பந்தி எழுதினால் போதும்.

சின்ன எண்ணுக்கு பசிபிக் கடலில் உள்ள பிட்கேர்னைப் பாருங்கள். 1937இல் 233 பேர் இருந்த தீவு, இப்போது ஏறக்குறைய 50. அப்படி 50 பேர் உள்ள ஒரு தீவில் 10 சிறுவர் என்று வைத்துக்கொள்வோம், 20 சதவீதம். தாய் தகப்பன் மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் நியூசிலாந்துக்குக் கப்பலேறினால் மிச்சம் 45 பேரில் 7 சிறுவர், 15.6 சதவீதம். நாலு புள்ளிக்கு மேல் விழுந்தது, ஒரே குடும்பத்தால். செயின்ட் ஹெலினா 2021இல் 4,439 பேர், அங்கே இவ்வளவு ஆட்டம் வராது. இருந்தாலும் சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆட்தொகையையும் எழுதச் சொல்லுங்கள். எந்த வருடம், எந்த வயதெல்லை, குடியிருப்பாளரா அன்றிரவு நின்றவரா என்ற மூன்றையும் அட்டவணையின் தலைப்பிலேயே போட்டுவிட்டால் மிஸ்ஸுக்குக் கேட்க ஒன்றும் இராது.