சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடாத காக்டெயில் கிளி

பெரம்பூர்க்காரன்:
மூன்று வயது காக்டெயில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. கலப்பு விதை வைத்தால் தினையை வாரி இறைத்துவிட்டு சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்கிறது. போதாததற்கு அம்மா தன் தட்டிலிருந்து தயிர்சாதம் வேறு ஊட்டுகிறார். சமையல் தராசில் நிறுத்தால் 122 கிராம். பெல்லட் (சத்துகள் சேர்த்துக் குருணையாக்கிய பறவைத் தீனி) வாங்கி இரண்டு நாள் அதை மட்டுமே வைத்துப் பார்த்தேன், பட்டினி கிடந்ததே தவிர வாய் வைக்கவில்லை. மூக்கோரம் ஈரமாக வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

கூண்டுக்காரர், அண்ணாநகர்:
தம்பி, முதலில் பட்டினி போடுவதை நிறுத்துங்கள். பெல்லட் சாப்பிடும் பொருள் என்றே அதற்குத் தெரியாது, கிண்ணம் நிறைய இருக்கும்போதே இளைத்துச் செத்துப்போகும். விதையில் பத்தில் ஒரு பங்கு பெல்லட்டைப் பொடித்துக் கலந்து வாரா வாரம் கூட்டுங்கள், இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பாருங்கள், மளமளவென்று இறங்கினால் விதைக்கே திரும்பிவிடுங்கள். பொதுவாக 80 முதல் 100 கிராம்தான் இருக்கும், உங்களுடையது குண்டு. சூரியகாந்திப் பருப்பில் பாதி கொழுப்பு, அது கல்லீரலில் போய்ப் படியும். வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கால்சியமும் குறைவு. மூக்கு ஈரம் வைட்டமின் ஏ குறைவாலும் வரும், தொற்றாலும் வரும், இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மயிலை மாமி:
எங்கள் வீட்டில் எடுபட்டது முருங்கைக்கீரைதான். நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கழுவிய ஈரத்தோடு கொத்தாகக் கம்பியில் கட்டினேன், அதில் புரண்டு குளித்துக்கொண்டே கடிக்க ஆரம்பித்தது. அப்புறம் கேரட், பரங்கிக்காய், லேசாக வேகவைத்து. பாலக் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள், கணவாய் ஓடுதான், முழுசாக வாங்கி மாட்டிவிட்டால் அதுவே கொறித்துக்கொள்ளும். வெந்த காயை நம்மூர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், கெட்டுவிடும். தயிர்சாதத்தில் உப்பு இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் பறவைக்கு விஷம், காபியும்தான். எங்களது டபராவுக்குள்ளேயே தலையை விடும்.

பெரம்பூர்க்காரன்:
டாக்டரிடம் காட்டிவிட்டேன், தொற்றுதான், மருந்து போகிறது. இன்று காலை 119. முருங்கைக் கொத்தை மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தது, நேற்று நாலு இலை கிழித்திருக்கிறது, தின்றதா துப்பியதா தெரியவில்லை. அம்மாதான், "ஒரு பருக்கை கொடுத்தா என்னடா" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.