டைவிங் கத்தியோடு ரயிலில் போகலாமா? (இங்கிலாந்து)

கடல்குதிரை:
வர்ற சனிக்கிழமை லண்டனிலிருந்து ஸ்வானேஜ் பையருக்கு (கடலுக்குள் நீளும் தூண் பாலம்) டைவ் போகிறேன், வேர்ஹம் வரை ரயில், அப்புறம் பஸ். காலில் கட்டும் கத்தி ஒன்று இருக்கிறது, நாலு அங்குல பிளேடு, மடங்காது. பையில் வைத்துக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமா? மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் கவலையே இல்லை என்கிறார்கள், சின்னதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?

ஹாரோ அண்ணன்:
வாங்காதீர்கள், காசுதான் வீண். அந்த மூன்று அங்குலக் கணக்கு மடக்குக் கத்திக்கு மட்டும்தான், அதுவும் விரித்ததும் லாக் ஆகாத வகைக்கு. 1988 குற்றவியல் நீதிச் சட்டம் 139ஆம் பிரிவைப் பாருங்கள். மடங்காத கத்தி இரண்டு அங்குலமே இருந்தாலும், தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம், அதிகபட்சம் 4 ஆண்டு சிறை. காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். டைவ் போவது நல்ல காரணம், ஆனால் அது அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். காலையில் வாட்டர்லூ ஸ்டேஷனில் ஃபின், மாஸ்க், ரெகுலேட்டர் கிடக்கும் பையில் அந்தக் கத்தியும் இருந்தால் பார்த்தாலே புரியும். அதே கத்தி செவ்வாய்க்கிழமை ராத்திரி டூட்டிங்கில் ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "போன வாரம் டைவ் போனேன், எடுக்க மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது.

நீர்க்காகம்:
கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ரோட்டில் நிற்கும் கார் சொந்த வீடு இல்லை, அதற்கும் இதே சட்டம்தான். ஸ்காட்லாந்தில் தனிச் சட்டம், அங்கே 5 ஆண்டு வரை போகும், அங்கே ஸ்காபா ஃப்ளோவுக்கு டைவ் போகிறவர்கள் கவனம்.
எனக்குக் கேட்டால் பையருக்கு அவ்வளவு பெரிய கத்தியே தேவையில்லை. அங்கே தூண்களில் சிக்கிக் கிடப்பது தூண்டில் நரம்பு, அதற்கு முனை மழுங்கிய கத்தரிக்கோலோ லைன் கட்டரோ போதும், கையுறையோடு பிடிக்கவும் சுலபம். ஆனால் அதிலும் பிளேடு இருக்கிறதே, அதனால் டைவ் இல்லாத நாளில் அதையும் சுமந்து திரிய வேண்டாம்.

கடல்குதிரை:
நன்றி அண்ணா. திரும்பும் வழியில் சவுத்ஹாம்ப்டனில் இறங்கி நண்பன் பிறந்தநாளுக்குப் போகலாமா?

ஹாரோ அண்ணன்:
தாராளமாகப் போங்கள், ஆனால் பை அவன் வீட்டிலேயே இருக்கட்டும், பப்புக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரயிலில் கத்தி உறையோடு, ஈர வெட்சூட்டுக்கு அடியில், சட்டென்று கை போகாத இடத்தில். டைவ் புக்கிங் போனில் இருக்கட்டும். போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால், உள்ளே டைவிங் கத்தி இருக்கிறது என்று ஜிப்பைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.