'டிதரிங்': நடுக்கமா, தத்தலா, தவளைப்பாய்த்தா?

நண்பர்களே,
அகச்சிவப்பு நோக்கீட்டுக் கையேட்டில் பேரடைக்கொத்து (விண்மீன் மண்டலங்களின் கூட்டம்) பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி எடுக்கும் 'டிதரிங்' (dithering) முறைக்குத் தமிழ்ச்சொல் ஒன்றுதான் நிற்கிறது. அச்சொல்லின் வேர் நடுங்குதல். 'நடுக்கம்' என்றே வைக்கலாமா?
க.

> 'நடுக்கம்' என்றே வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. படம் கலங்கிவிட்டது என்றுதான் மாணவர் நினைப்பர். படம் பதிவாகும்போது தொலைநோக்கி இலக்கைப் பிசகாமல் தொடர்கிறது. இரண்டு படங்களுக்கு இடையில்தான் 10, 20 வில்நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) நகர்கிறது. மேல்வளிமண்டல ஹைட்ராக்சில் மூலக்கூறு ஜே, எச் என்னும் அகச்சிவப்பு அலைநீளப் பட்டைகளில் ஒளிர்கிறது, அதுவும் சில நிமிடங்களிலேயே மாறுகிறது. 2.2 மைக்ரோமீட்டர் கே பட்டையில் தொலைநோக்கிக் கண்ணாடியின் வெப்பமும் சேரும். அதனால் 20 நொடிப் படங்களாகப் பல எடுத்து, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் இடைநிலை மதிப்புக் (median) கண்டால் இடம் மாறிய பேரடைகள் விலகி வெறும் வானம் மிஞ்சும். அதைக் கழிக்கிறோம். பழுதான படப்புள்ளியும் ஒரே பேரடைமேல் திரும்பத் திரும்ப விழாது. குதித்து, நின்று, மறுபடி குதிப்பது 'தத்தல்'. தத்துக்கிளியின் தத்து.
ந.

'தத்தி எடுத்தல்' நாளைக்கே 'தத்தெடுப்பு' ஆகிவிடும். சோதிடத்தில் தத்து என்றால் கண்டம். நன்னூல் சொல்லும் சூத்திர நிலை நான்கு: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. இடம் விட்டுப் பாய்வது தவளைப்பாய்த்து. இலக்கையும் வெறும் வானையும் மாறி மாறிப் பார்ப்பதற்கு, சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, அரிமா நோக்கம். சொல் நம் கையிலேயே இருக்க, புதிதாக ஏன் ஆக்கவேண்டும்?
ம.

ம. அம்மா, கொத்துகளின் ஈர்ப்பைக் கணினியில் கணிக்கையில் நேரப்படிகளை நகர்த்தும் முறைக்குத் தவளைப்பாய்ச்சல் என்று பெயர். ஒரே நூலில் இரண்டு தவளை குழப்பும். அரிமா நோக்கத்தை ஏற்கிறேன், ஏனென்றால் கொத்துகளுக்குத் தத்தல் மட்டும் போதாது. லடாக்கின் ஹன்லேயில் இமாலய சந்திரா தொலைநோக்கியின் டிர்ஸ்பெக் அகச்சிவப்புக் கருவிக்குப் புலம் ஏறத்தாழ 5 வில்நிமிடம்தான். கோமா கொத்தின் நடுவிலுள்ள என்ஜிசி 4874, 4889 ஆகிய பெரும் பேரடைகளின் புறவொளி பல வில்நிமிடம் பரந்தது. புலத்துக்குள்ளேயே தத்தினால் இடைநிலைப் படத்தில் அந்த ஒளியும் தங்கும். வானத்தோடு சேர்த்து அதையும் கழித்துவிடுவோம். பேரடை மங்கும், கே ஒளியிலிருந்து பெறும் விண்மீன் நிறையும் குறைந்து வரும். நடுவை விட்டு அரைப் பாகை தள்ளிப்போய் வெறும் வானை எடுத்தே ஆகவேண்டும், நோக்கு நேரத்தில் பாதி அதற்குப் போனாலும்.
ந.

நன்னூல் படிக்காத இயற்பியல் மாணவருக்கு அரிமா நோக்கம் எப்படி விளங்கும்? தள்ளிப்போய் எடுக்கும் வெறும் வானை 'விலகுவான் படம்' என்றால் பார்த்ததும் புரியும். குழுவில் மூன்று பேர் தத்தல் பக்கம். அச்சுக்குத் 'தத்தல்', தத்தி நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் 'தத்துநிலை', 'விலகுவான் படம்' என்று அனுப்புகிறேன்.
க.

'விலகுவான்' விலகிப்போகும் ஓர் ஆள் என்றும் பொருள்படுமே! வினைமுற்றாகப் படித்தால் அப்படித்தான். 'புறவான்' என்றாவது மாற்றுங்கள். தத்துநிலையை நான் ஏற்கவில்லை. சொல்லடைவில் தவளைப்பாய்த்தையும் இணைச்சொல்லாகச் சேருங்கள்.
ம.

'புறவான்' சேர்த்தாயிற்று. தவளை பற்றி அடுத்த பதிப்பில் பேசுவோம்.
க.