கேட் (CAD, கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறது) சாஃப்ட்வேர் ஸ்லோவா இழுக்குதா? உங்க ஃபைலுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க

சென்னை, ஸ்ட்ரக்சரல் டிராஃப்டிங்:
சிஸ்டம் மாத்தறதுக்கு முன்னாடி ஃபைல நல்லா பாருங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, அதான் இந்த த்ரெட். எங்ககிட்ட ஒரு சைட் பிளான் வந்துச்சு, ஜூம் பண்ணா லைன் நடுங்குது, ஹேட்ச் (உள்ள நிரப்பற கோடுங்க) பிஞ்சு பிஞ்சு தெரியுது, மூவ் குடுத்தா கை ஒரு பக்கம் கர்சர் ஒரு பக்கம். ஆபீஸ்ல எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டு போச்சுன்னாங்க. ஆட்டோகேட்ல ஐடி கமாண்ட் (கிளிக் பண்ற புள்ளியோட கோஆர்டினேட்ட காட்டும்) போட்டு ஒரு மூலைய கிளிக் பண்ணேன், தெரிஞ்சுடுச்சு. சர்வே கோஆர்டினேட் அப்படியே இருக்கு. சென்னை யூடிஎம்ல (பூமிய ஸோன் ஸோனா பிரிச்சு மீட்டர்ல அளக்கற முறை) 44 வடக்கு ஸோன், நார்த்திங், அதாவது பூமத்திய ரேகையில இருந்து வடக்கு தூரம், மட்டும் 14 லட்சம் மீட்டருக்கு மேல. இத மில்லிமீட்டர் டிராயிங்ல போட்டா 140 கோடிக்கு மேல போயிடும். சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள 15, 16 இலக்கம் வரைக்கும் கணக்கு வெச்சுக்கும், ஆனா ஸ்கிரீன்ல வரையற கார்டு பெரும்பாலும் 7 இலக்கத்துலயே ஓடும், மிச்சம் ரவுண்ட் ஆகிடும், நடுக்கம் வர்றது அங்கதான். அதனால பில்டிங்க தனி ஃபைல்ல 0,0 பக்கத்துல வரைஞ்சோம், தினசரி வேலை பூரா அதுலதான், சைட் பிளான் ஷீட்டுக்கு மட்டும் சர்வே ஃபைல்ல எக்ஸ்ரெஃபா (வெளி ஃபைல லிங்க்கா இணைக்கறது) வெச்சோம். சர்வே ஃபைலயே தூக்கி 0,0க்கு நகர்த்தாதீங்க ப்ளீஸ், நாளைக்கு டோட்டல் ஸ்டேஷனோட (சர்வே அளக்கற கருவி) சைட்ல நிக்கிறவருக்கு அந்த நம்பர்தான் வேணும்.

மதுரை, ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்:
அண்ணா எங்களுக்கு வேற மாதிரி. டிராயிங்ல நாலு ரூம்தான் இருக்கு, ஃபைல் சைஸ் பாத்தா ஒரு டவுன்ஷிப் அளவுக்கு இருக்கும், காப்பி பேஸ்ட் பண்ணாலே வெள்ளையா உறைஞ்சு நிக்கும். பர்ஜ் (பயன்படாதத அழிக்கற கமாண்ட்) போட்டாச்சு, ஒண்ணும் குறையல. அப்புறம் சீனியர் அக்கா ஒருத்தவங்க சொல்லி பர்ஜுக்கு முன்னாடி மைனஸ் போட்டு கமாண்ட் லைன்ல ஓட்டி ரெஜ்ஆப்ஸ தேர்ந்தெடுத்தோம், சரசரன்னு ஓடிட்டே இருக்கு, நிக்கவே இல்ல. வேற வேற சாஃப்ட்வேர்ல திறந்த ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கிட்ட பேருங்க அதெல்லாம். ஸ்கேல் லிஸ்ட்டும் (டிராயிங் அளவு விகிதங்களோட பட்டியல்) அதே கதைதான், எக்ஸ்ரெஃப் வழியா வந்து குவிஞ்சிருந்துச்சு, ரீசெட் பண்ணோம். இன்னொண்ணு டிஜிஎன் லைன்டைப் (மைக்ரோஸ்டேஷன்ங்கற வேற சாஃப்ட்வேரோட ஃபைல்ல இருந்து வர்ற கோட்டு வகை), இது யாரோ ஒருத்தர் டிராயிங்ல இருந்து ஒரு மரத்த காப்பி பண்ணாகூட பின்னாடியே வந்துடும், அங்க இருந்து ஆபீஸ்ல எல்லா ஃபைலுக்கும் பரவும். பழைய வெர்ஷனுக்கு தனியா டூல் விட்டாங்க, இப்ப வர்றதுல பர்ஜே பாத்துக்குது. இத பண்ணும்போது ஒரிஜினல்ல கை வைக்காதீங்க, காப்பி எடுத்து பண்ணுங்க, முடிச்சதும் ஒரு ஆடிட் (ஃபைல்ல தப்ப தேடி சரி பண்ற கமாண்ட்).

கோவை, ஜிக் ஃபிக்ஸ்சர் டிசைன்:
நாங்க யூஸ் பண்றது சாலிட்வொர்க்ஸ், 3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர். அசெம்ப்ளி ரீபில்ட் (மாடல மறுபடி கணக்கு போடறது) குடுத்தா டீ குடிச்சுட்டு வந்துடலாம். ஓனர் நல்ல மனுஷன், பிராசஸர்ல கோர் நிறைய இருக்கற ஒர்க்ஸ்டேஷனா வாங்கிக் குடுத்தாரு, ரீபில்ட் டைம் அசையவே இல்ல. ஏன்னா ஃபீச்சர் (துளை, வெட்டு மாதிரி மாடலோட ஒவ்வொரு படியும்) ஒண்ண நம்பி அடுத்தது இருக்கு, வரிசையாதான் கணக்கு போகும், அந்த நேரத்துல ஒரு கோர்தான் உழைக்கும், ரெண்டரிங், சிமுலேஷன்னா கதை வேற. பெர்ஃபாமன்ஸ் எவாலுவேஷன்னு ஒரு டூல் இருக்கு, எந்த ஃபீச்சர் எவ்ளோ நேரம் தின்னுதுன்னு காட்டும். அதுல மேல வந்து நின்னது போல்ட்டு! வெண்டர்கிட்ட இறக்குன மாடல், ஒவ்வொண்ணுலயும் திருகு மரையோட த்ரெட்ட ஹெலிக்ஸா (சுருளா) நிஜமாவே வெட்டி வெச்சிருக்காங்க. காஸ்மெட்டிக் த்ரெட்டா (வெட்டாம அடையாளம் மட்டும் காட்டறது) மாத்தினோம், டிராயிங்ல பாக்க அது போதும், மெஷின் ஷாப்புக்கும் எம்10 எம்12ன்னு எழுதியிருந்தா போதும். பேரிங்குக்குள்ள உருண்டை, சிலிண்டருக்குள்ள சீல் எல்லாம் இருந்துச்சு, வெளி உருவத்த மட்டும் வெச்சுட்டு தூக்கிட்டோம். அசெம்ப்ளி இப்ப கையோட சுத்துது, அந்த சந்தோஷம் தனி.

திருச்சி, பைப்பிங்:
ஃபைல் ஓப்பன் ஆக மட்டும் லேட்டுன்னா எக்ஸ்ரெஃப் ஃபைல் இருக்கற இடத்தோட பாத்த (path) பாருங்க சார். எங்களுக்கு எடுத்துட்ட பழைய சர்வரோட பேரு உள்ள கிடந்துச்சு, இல்லாத இடத்த தேடிட்டே இருக்கும். டீஃபால்ட் பிரிண்டர் நெட்ஒர்க்ல இல்லன்னாலும் இதே இழுவைதான்.

சென்னை, ஸ்ட்ரக்சரல் டிராஃப்டிங்:
கோவை நண்பா, ஆட்டோகேட்லயும் அதேதான், ரெஜென் (டிராயிங்க ஸ்கிரீன்ல திரும்ப உருவாக்கறது) மாதிரி ஒண்ணு ரெண்டு இடம் தவிர ஒரே கோர்ல ஓடும். புதுசா வாங்கறவங்க கோர் எண்ணிக்கைய விட ஒரு கோரோட வேகத்த கேட்டு வாங்குங்க, எஸ்எஸ்டி கட்டாயம். ரெவிட் (கட்டடத்த 3டி மாடலா பண்ற சாஃப்ட்வேர்) ஆட்கள் யாராவது இருந்தா உங்க கதையும் போடுங்க, எங்க ஆபீஸ் அடுத்து அங்கதான் போகுது.