பூட்டிய பீரோவா, திறந்த அலமாரியா? பள்ளி நூலகத்தை மாற்றியமைப்பது பற்றி ஒரு விவாதம்

வெண்ணாறு:
அரசு உயர்நிலைப் பள்ளி, 6 முதல் 10 வரை. நூலகத்துக்கென்று 20க்கு 24 அடி வகுப்பறை ஒன்று கிடைத்திருக்கிறது. புத்தகம் 1,500 சொச்சம், எல்லாம் பீரோக்களில். ஆறரை அடி உயர ஸ்லாட்டட் ஆங்கிள் (துளையிட்ட இரும்புக் கால்) ரேக் ஆறு இருக்கிறது, அவற்றில் பழைய விடைத்தாள் கட்டுகள். தனி நூலகர் பணியிடம் இல்லை, பொறுப்பாசிரியர்தான். என் முன்மொழிவு: பீரோக்களைக் காலி செய்து புத்தகங்கள் அத்தனையையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் ரேக்கில் வைப்பது, வாரம் ஒரு பாடவேளை வகுப்பையே அங்கே கூட்டிப்போவது, ஆசிரியர்களுக்கு ஒரு மூலை ஒதுக்குவது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

கரும்பலகை:
மறுக்கிறேன். பீரோவைப் பூட்டி வைப்பது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. இருப்புப் பதிவேட்டில் 1,500 என்று இருந்து, மாறுதலில் போகும்போது 1,430தான் எண்ணிக் கொடுக்க முடிந்தால், அந்த 70 புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். சம்பளத்தில் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு யார் அலமாரியைத் திறந்து வைப்பார்கள்? அந்த ஆசிரியர் பாடமும் நடத்த வேண்டும், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவும் செய்ய வேண்டும். அதனால் பீரோ பீரோவாகவே இருக்கட்டும். வகுப்புக்கு 40 புத்தகம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை பெட்டிகளை மாற்றிக் கொடுங்கள். கணக்கும் நிற்கும், பிள்ளைகளும் படிப்பார்கள்.

நூற்கட்டு:
கரும்பலகை சார் சொல்லும் பயம் நியாயமானது. ஆனால் மருந்து பூட்டு அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215ஐப் பாருங்கள். வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூலுக்கு ஆண்டுக்கு 5 நூல் இழப்பு நியாயமானது என்று அதிலேயே இருக்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாய விசாரணை. 20,000 நூலுக்குள் உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நம் மாநிலப் பள்ளிகளை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதே அளவுகோலைத் தீர்மானமாக எழுதி, தலைமையாசிரியர் ஒப்பத்தோடு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டால், பொறுப்பாசிரியர் தனியாளாக நிற்க வேண்டியதில்லை. ரேக்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களைத் திறந்த அலமாரிக்குள் விட்டவரும் அவர்தான். அவர் பிறந்த மண்ணில் பள்ளிப் பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டையை மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

கரும்பலகை:
1,000க்கு 5 என்பது பெரியவர்கள் வரும் நூலகத்துக்குச் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் 24 பக்கப் படக்கதை போனால் கிழிந்துதான் வரும். மேலும் 40 பேர் ஒரே பாடவேளையில் வந்தால் வழங்கல் பதிவேட்டில் யார் எழுதுவது? பெயர், வகுப்பு, புத்தக எண், தேதி, கையெழுத்து என்று ஒருவருக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 40 நிமிடம். பாடவேளையே முடிந்துவிடும். படிப்பது எப்போது?

நூற்கட்டு:
அதனால்தான் பதிவேட்டில் எழுதவே கூடாது என்கிறேன். பழைய பிரௌன் முறை போதும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்திலும் ஒரு காகிதப் பை, அதில் அந்தப் புத்தகத்தின் அட்டை: பதிவு எண், தலைப்பு. எதிர்ப்பக்கத்தில் தேதிச் சீட்டு. மாணவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு சிறு பை டிக்கெட். புத்தகம் எடுக்கும்போது அட்டையை உருவி அந்த மாணவரின் டிக்கெட்டுக்குள் செருகு, தேதிச் சீட்டில் முத்திரை குத்து. அவ்வளவுதான். பழகிவிட்டால் ஒருவருக்கு கால் நிமிடம், 40 பேருக்குப் பத்து நிமிடம். டிக்கெட்டுகளைத் திருப்பித் தர வேண்டிய தேதி வாரியாகவும், அதற்குள் பதிவு எண் வரிசையிலும் ஒரு நீளப் பெட்டியில் அடுக்கினால், தவணை கடந்த புத்தகம் தானாகவே முன்னால் வந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இதைப் பார்த்துக்கொள்வார்கள்.

மாலைமணி:
இந்தக் காலத்தில் அட்டையும் பையுமா? கோஹா இலவச நூலக மென்பொருள். பார்கோடு ஒட்டி ஸ்கேனர் வைத்தால் ஐந்து வினாடி வேலை.

வெண்ணாறு:
கோஹா நல்ல மென்பொருள்தான் மேடம். அதற்கு ஒரு லினக்ஸ் சர்வர் எப்போதும் ஓட வேண்டும், காப்புநகல் எடுக்க ஆள் வேண்டும், வழங்கும் நேரத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் மாறுதலில் போனால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். 1,500 புத்தகத்துக்குப் பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், விலை, நிறம், நிலை என்று ஆறு பத்தியில் ஒரு எக்செல் தாள் போதும். பின்னால் கோஹாவுக்குப் போவதானாலும் அதே தாளை ஏற்றிக்கொள்ளலாம்.

மாலைமணி:
சரி, அது கிடக்கட்டும். அடுக்கும் முறையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘நிறம்’ என்று ஒரு பத்தி போட்டிருக்கிறீர்களே, அதுதான் கவலை. பொருள் வாரியாக நூலுக்கு எண் கொடுக்கும் டூயி முறையைப் பள்ளியிலேயே பழகாத பிள்ளை, கல்லூரி நூலகத்தில் போய் விழிக்கும். 500 அறிவியல், 900 வரலாறு என்று அடுக்கினால் என்ன தடை?

நூற்கட்டு:
தடை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். டூயியில் தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, கதை 894.8113. நம் பள்ளிப் புத்தகங்களில் பெரும்பகுதி கதை. அத்தனைக்கும் ஒரே எண் விழும், அப்புறம் அந்த எண் எதைப் பிரிக்கிறது? இரண்டாவது, சிறுவர் புத்தகம் பெரும்பாலும் நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது. அதற்கு முதுகே கிடையாது. ஏழு இலக்கச் சீட்டை எங்கே ஒட்டுவீர்கள்? அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் உள்ள நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். கதைப் புத்தகங்களுக்கு அந்த நான்கு நிலை, நான்கு நிறம். முன்னட்டையின் இடது கீழ் மூலையில் நிற நாடா. மெல்லிய புத்தகங்களைத் துணிக்கடையில் சட்டை அடுக்குவதுபோல முகம் தெரிய வைக்க வேண்டும். ரேக்கில் முதுகு காட்டி நிற்க வைத்தால் அவற்றை யாரும் தொடமாட்டார்கள்.

மாலைமணி:
கதைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, அகராதி இவற்றுக்கு டூயியின் முதல் மூன்று இலக்கமாவது வேண்டும். 520 வானியல், 580 தாவரம், 590 விலங்கு. புள்ளிக்குப் பிறகு எதுவும் வேண்டாம். செயல்திட்டத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை நிறத்தை வைத்துத் தேட முடியாது.

நூற்கட்டு:
அது சரி. மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்குமேல் போகக் கூடாது.

கரும்பலகை:
ரேக் விஷயத்துக்கு வாருங்கள். ஆறரை அடி ரேக்கின் மேல் தட்டு ஆறாம் வகுப்புக்கு எட்டாது. கீழ்த்தட்டைப் பிடித்து ஏறுவார்கள், ரேக் சாயும். புது ரேக் வாங்கப் பள்ளி மானியத்தில் இடமில்லை.

வெண்ணாறு:
வாங்கவே வேண்டாம். ஸ்லாட்டட் ஆங்கிள் என்பதால் நட்டு போல்ட்டைக் கழற்றி, நிமிர்ந்த கால்களை 4 அடியில் அறுத்தால் மிச்சம் இரண்டரை அடி வருகிறது. ஆறு ரேக்கும் பன்னிரண்டாகிவிடும்: 4 அடியில் ஆறு, ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரண்டரை அடியில் ஆறு. ஒரு ரேக்கில் ஆறு தகடு இருப்பதால் 4 அடிக்கு நான்கு, குட்டைக்கு இரண்டு. 4 அடியின் உச்சித் தகடு முகம் காட்டும் புத்தகங்களுக்கு. 3 அடித் தட்டில் சாதாரணமாக 60 புத்தகம் நிற்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை ஒன்றை உருவும்போது மேலட்டை கிழியும். ஆக தட்டுக்கு 40. உச்சித் தகடுகள் நீங்கலாக 30 தட்டில் மொத்தம் 1,200 புத்தகம் கொள்ளும்.

நூற்கட்டு:
அறுத்த முனையை அரம் போட்டு மழுக்கி, பிளாஸ்டிக் புஷ் மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூலையிலும் முக்கோண கஸெட் தகடு அவசியம், அது இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும். சுவரை ஒட்டி வைத்தால் ஓதமும் கரையானும் நேரே புத்தகத்துக்கு வரும். அதனால் 4 அங்குலம் தள்ளி நிறுத்தி, அதே அளவு எல் ஆங்கிளால் சுவரோடு போல்ட் போட வேண்டும். சாயவும் சாயாது, பின்னால் காற்றும் ஓடும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில். சீட்டு ஒட்ட மைதாப் பசை வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் பிள்ளைகள் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் இடத்தில் அந்த விஷம் ஆகாது. வெள்ளை செயற்கைப் பசை போதும். கிழிசலுக்கு செல்லோ டேப்பும் கூடாது. மஞ்சளாகி, பசை கசிந்து, அடுத்த பக்கத்தையும் ஒட்டிக்கொள்ளும்.

கரும்பலகை:
1,500 எங்கே, 1,200 எங்கே? மீதி 300?

வெண்ணாறு:
2018, 2019இல் பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய பாடநூல்களும் வழிகாட்டி நூல்களும் இருப்பில் கிடக்கின்றன. பாடத்துக்கு இரண்டு படி ஆசிரியர் மூலைக்கு எடுத்துவைத்துவிட்டு, மற்றவற்றைக் கழிவுப் பட்டியல் போட்டு உரிய அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வரும்வரை அவை பீரோவில் இருக்கட்டும். விலையுயர்ந்த கலைக்களஞ்சியமும் பேரகராதியும் அதே பீரோவில், அறையிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக. எப்போதும் நூறு புத்தகமாவது பிள்ளைகள் வீட்டில் இருக்கும் என்பதால் ரேக்கில் இடம் போதும்.

மாலைமணி:
ஆசிரியர் மூலை என்று ஒரு மேசை போட்டால் மட்டும் யாரும் வரமாட்டார்கள். பாட வாரியாகப் பழைய வினாத்தாள் கோப்பு, பயிற்சிக் கையேடுகள், ஆசிரியர்களுக்கான ‘கனவு ஆசிரியர்’ இதழ்கள், அலகுக்குத் தக்க துணைப் புத்தகப் பட்டியல் இவ்வளவும் அங்கே இருந்தால் நானே வருவேன். எட்டாம் வகுப்பு ஒளியியலுக்கு இந்த நான்கு புத்தகம் என்று எழுதி ஒட்டுங்கள்.

கரும்பலகை:
உட்காரும் இடம் கணக்கிட்டீர்களா? 40 பேருக்கு நாற்காலி அந்த அறையில் அடங்காது.

வெண்ணாறு:
அடங்காது. 6க்கு 3 அடி மேசையில் ஆறு பேர், இருபுறமும் நாற்காலி இழுக்க இரண்டரை அடி, ஆக ஒரு மேசைக்கு 48 சதுர அடி. நான்கு மேசை 192, அதில் 24 பேர். மீதி 16 பேருக்கு ஜமுக்காளம், ஒருவருக்கு 6 சதுர அடி வீதம் 96. ரேக்குகளுக்கு 36, அவற்றின் முன்னால் நிற்க 3 அடி விட்டால் 108. கூட்டினால் 432, அறை 480. வழங்கும் மேசை கதவருகே, வெளியே போகும் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கரும்பலகை:
தீர்மானமும் வழங்கல் மேசையும் சேர்ந்து வந்தால் எதிர்ப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ஒரே நாளில் திறப்பதை ஏற்கமாட்டேன். முதல் பருவத்தில் கதைப் புத்தகங்கள் 400 மட்டும். பருவ முடிவில் எண்ணிப் பாருங்கள். தொலைந்ததையும் கிழிந்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். கிழிந்தது வாசித்ததற்கு அடையாளம், அதை இழப்பில் சேர்க்கக் கூடாது. டிரங்குப் பெட்டி யோசனையை மட்டும் கைவிட மாட்டேன், மழைக்காலத்தில் நூலக அறையைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளும் வாரங்களில் அதுதான் கைகொடுக்கும்.

நூற்கட்டு:
400லிருந்து தொடங்கலாம். அந்த 400க்கும் அட்டை, பை, தேதிச் சீட்டு ஒட்டி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.