பர்மா, பெகு வீட்டுக் குழு: பதினாறாம் நாளுக்கு எந்த வண்டி?

ருக்குமணி அத்தை: எல்லாரும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பதினாறாம் நாள். காரியம் ஊர் வீட்டில்தான், மாற்றமில்லை. மூன்று அண்டா, இருபது வீசை அரிசி, ஐயர், நான், என் முழங்கால். இத்தனையும் யார் வண்டியில் வரப்போகிறது?

கண்ணன்: என் புரோபாக்ஸ் கார் வாவ் டவுன் வரைக்கும் வரும். அதற்கு மேல் சேறு, வராது.

செல்வம் சித்தப்பா: வாவ் பக்கம் பாலமே போய்விட்டதாம். வீடியோ பாருங்கள்.

தெய்வானை சித்தி: ஐயோ 🙏

முருகேசு: சித்தப்பா, அது 2023 அக்டோபர் வெள்ளத்தில் பெகுவில் எடுத்தது. போன ஆடிக்கும் இதையேதான் அனுப்பினீர்கள்.

செல்வம் சித்தப்பா: எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை.

வள்ளி அக்கா சிங்கப்பூர்: பெரியப்பாவின் பிராடோ இருக்கிறதே?

கண்ணன்: வண்டி இருக்கிறது. சாவிதான்...

செல்வம் சித்தப்பா: சாவி பத்திரமாக இருக்கிறது.

ருக்குமணி அத்தை: யார் உன்னைப் பத்திரப்படுத்தச் சொன்னது?

தெய்வானை சித்தி: எங்கள் வீட்டு அரிசிப் பானையில்தான் இருக்கிறது அக்கா. நான் தினமும் பார்க்கிறேன்.

செல்வம் சித்தப்பா: தெய்வானை, போனை வை.

முருகேசு: நான் ஜிம்னியை எடுத்து வருகிறேனே. அதில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறது. சேறெல்லாம் ஒன்றும் செய்யாது.

ருக்குமணி அத்தை: அண்டாவை அதற்குள் வைத்தால் நான் கூரை மேல் உட்காரவா?

சரவணன் மாமா: ஒரு நிமிடம். வண்டியைப் பற்றிப் பேசுவதென்றால் ஒழுங்காகப் பேசுவோம். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் நடுவில் உருண்டையாக ஒன்று தொங்குகிறதே, அதற்குள் இருப்பது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்றுவதற்காகத்தான் அதை வைத்தார்கள். தார் ரோட்டில் அது இல்லாமல் முடியாது. சேற்றில் அதுதான் வினை. அது இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான விசைதான் தரும். ஒரு சக்கரம் சகதியில் வழுக்கினால், அதைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அந்தக் கொஞ்சம்தான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று கிறுகிறுவென்று சுற்றும், மற்றது அசையாது.

கண்ணன்: வழுக்குகிறவனுக்கே எல்லா ஓட்டமும். நம் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி.

செல்வம் சித்தப்பா: யாரைச் சொல்கிறாய்?

கண்ணன்: டிஃபரன்ஷியலைச் சித்தப்பா.

ருக்குமணி அத்தை: இவர் பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறார். காபி கேட்கவும் மெசேஜ்தான்.

சரவணன் மாமா: முடிக்க விடு. இதற்கு வழி இரண்டு. ஒன்று டிஃப் லாக். பட்டனை அமுக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் கட்டியது போல ஒரே வேகத்தில் சுற்றும். எது தரையைப் பிடிக்கிறதோ அது இழுக்கும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் கவலையில்லை. பெரியவர் பிராடோவில் பின் ஆக்சிலுக்கு இது உண்டு. இன்னொன்று முருகேசு சொல்வது. ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்த சென்சாரே எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கும். அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். பிடித்ததும் விசை எதிர்ப்பக்கம் போகும்.

முருகேசு: அதேதான். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர்.

சரவணன் மாமா: அங்கேதான் தப்பு. முதலில் சக்கரம் வழுக்கினால்தான் அதற்கு வேலையே வரும். நீ பயந்து காலை எடுத்தால் அதுவும் விட்டுவிடும், வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். கடகடவென்று சத்தம் வரும், உடைந்துவிட்டது என்று நினைக்காதே. ஆக்சிலரேட்டரை ஒரே சீராக அமுக்கிக்கொண்டே இரு. ஜிம்னியில் லோ கியர் போட்டுக்கொள், நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை அது. அதில் இஞ்சினின் பலத்தைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் வைத்து வேலை பார்க்கும்படி சுசுகிக்காரன் செய்திருக்கிறான். ஆனால் பிரேக் சூடேறும், ஒரு மைலுக்கு இப்படியே போக முடியாது.

வள்ளி அக்கா சிங்கப்பூர்: அப்படியென்றால் பிராடோதானே மாமா?

சரவணன் மாமா: அவசரப்படாதே. ஜிம்னி 1,100 கிலோ சொச்சம். பிராடோ அதைவிடப் பல நூறு கிலோ கூட, அதற்கு மேல் அண்டா, அரிசி, உன் அத்தை. குழைந்த சேற்றில் கனமான வண்டி முதலில் இறங்கும். டிஃப் லாக் போட்டாலும் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும், அவ்வளவுதான்.

ருக்குமணி அத்தை: காபி கிடையாது.

தெய்வானை சித்தி: கண்ணா, மோல்மேன் ஊர்ப் பெண் வீட்டார் மறுபடியும் ஜாதகம் கேட்டார்கள். போட்டோ அனுப்பட்டுமா?

கண்ணன்: சித்தி, காரியம் முடியட்டும்.

தெய்வானை சித்தி: பெண் பர்மியமும் தமிழும் நன்றாகப் பேசும். டீச்சர்.

வள்ளி அக்கா சிங்கப்பூர்: இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

செல்வம் சித்தப்பா: வண்டியைப் பின்பக்க வயலில் இறக்கிப் பார்த்தேன். பட்டனை அமுக்கினால் விளக்கு மினுக்மினுக் என்கிறது. நிற்கவே இல்லை.

ருக்குமணி அத்தை: ஓ, வண்டியை ஓட்டிப் பார்க்கவும் ஆரம்பித்தாயிற்று.

சரவணன் மாமா: மினுக்கினால் இன்னும் பூட்டவில்லை என்று அர்த்தம். விளக்கு அசையாமல் எரிய வேண்டும். லீவரை லோவில் போட்டீர்களா?

செல்வம் சித்தப்பா: போட்டேன்.

சரவணன் மாமா: நடக்கும் வேகத்தில் ஈர மண்ணில் கொஞ்சம் நகர்த்துங்கள், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஒடியுங்கள். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் கோக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மட்டும் பட்டனைத் தொடாதீர்கள், பல் போய்விடும். மாட்டிக்கொண்ட பிறகு அல்ல, சேற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வளைவில் திரும்பாது, டயர் தேயும், ஆக்சில் கதறும்.

செல்வம் சித்தப்பா: இன்னும் மினுக்குகிறது.

சரவணன் மாமா: அப்படியானால் பூட்டைத் தள்ளும் அந்தச் சின்ன மோட்டார் இறுகிப்போயிருக்கும். டோயோட்டாவில் இது சகஜம். மாதம் ஒரு தடவையாவது மண் ரோட்டில் போட்டு எடுக்க வேண்டும். பெரியவர் கடைசி காலத்தில் கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தானே ஓட்டினார். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

முருகேசு: அப்போ நீங்களே போய்ப் பார்த்துவிடலாமே மாமா. மூன்று தெரு தள்ளித்தானே வீடு.

ருக்குமணி அத்தை: சுவர் விஷயம் முடியட்டும், போவார்.

செல்வம் சித்தப்பா: அத்தான் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சுவரைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரவணன் மாமா: நான் ஒன்றும் பேசவில்லை. 12 நம்பர் ஸ்பானர் செட் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அது என்னுடையது.

கண்ணன்: என் டயர் பம்பும் அங்கேதான். தங்கச்சி கல்யாணத்தின்போது போனது.

சரவணன் மாமா: பம்ப் கட்டாயம் வேண்டும். வாவ் தாண்டியதும் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். டயர் பரந்து நிற்கும், பாதி டிஃப் லாக் வேலை அதிலேயே முடிந்துவிடும். திரும்பும்போது தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி அடிக்க வேண்டும், அதற்குத்தான் பம்ப். இன்னொன்று, நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கம், ரோட்டில் ஓடுவதும் வலது பக்கம். ஓட்டுகிறவன் வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பான், அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். இடது சக்கரம் எங்கே போகிறது என்று ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணன்: ஐயரை இறக்கிவிடலாம்.

தெய்வானை சித்தி: பாவம் 🙏

பெரியம்மா: எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். வண்டி என் பேரில்தான் இருக்கிறது. செல்வம், சாவியை முருகேசுவிடம் கொடு.

செல்வம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் சித்தப்பா: சரி அண்ணி. மோட்டாரை முதலில் பார்க்கட்டும். நாளைக்குப் பேசலாம்.

ருக்குமணி அத்தை: நாளைக்கு என்ன பேச்சு? அண்ணி சொன்ன பிறகு?

பெரியம்மா: அண்டாவும் அரிசியும் வண்டியில் வேண்டாம். வாவில் இறக்கிவிடுங்கள், ஊரிலிருந்து தோலாஜி, அந்த டிரெய்லர் டிராக்டர், வரச் சொல்லியிருக்கிறேன். அது இத்தனை வருடமாக அந்தச் சேற்றில்தான் போய் வருகிறது.

முருகேசு: தோலாஜிக்கு டிஃப் லாக் உண்டா மாமா?

சரவணன் மாமா: அது வேறு கதை, விவரமாகச் சொல்கிறேன்...

ருக்குமணி அத்தை: வேண்டாம்! அப்போ நான் எதில் வருகிறேன்? அதைச் சொல்லுங்கள்.

கண்ணன்: ஜிம்னி முன் சீட்டு?

ருக்குமணி அத்தை: ஏறுவதற்கு முக்காலி வேண்டும்.

வள்ளி அக்கா சிங்கப்பூர்: மோட்டார் சரியானால் பிராடோ, இல்லையென்றால் ஜிம்னி. சரிதானே?

ருக்குமணி அத்தை: ஐயருக்கு யார் போன் செய்வது?

தெய்வானை சித்தி: நான் செய்கிறேன். கண்ணா, போட்டோ வள்ளிக்கு அனுப்பிவிட்டேன்.