குவைத்துக்கு 2 வருட ஒப்பந்தம்: போகுமுன் எதை முதலில் முடிப்பது?

கேள்வி (இலங்கை, ஹட்டன் பக்கம்):
வீட்டு வேலைக்குக் குவைத் போக இன்னும் 2 மாதம் இருக்கிறது. 6 வயது மகள் மாமியாரிடம் இருப்பாள். கணவருக்குத் தோட்ட வேலை. பேப்பர் வேலையில் எது முதலில்? பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பதில் 1:
தங்கச்சி, முதலில் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல் (தோட்டத்து வேலையாட்கள் பெயர்ப் பதிவேடு), பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் புஷ்பராணி, இன்னொன்றில் புஸ்பராணி என்று இருப்பது நம் பக்கம் சாதாரணம். பாஸ்போர்ட் கிடைத்த பிறகு திருத்தினால் விசாவும் ஒப்பந்தமும் மறுபடி. பிறப்புப் பதிவைத் திருத்த நாள் எடுக்கும், நாளைக்கே பிரதேச செயலகம் போங்கள். நீங்களும் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால், வேலையை விட்டுப் பேர் வெட்டுமுன் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பெயரையும் ஆபீசில் சரிபாருங்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் பிளேன் ஏறவே வேண்டாம். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றலாம்" என்கிற ஏஜென்ட்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பதிவில்லாமல் போனால் பணியகக் காப்புறுதி கிடையாது. குவைத்தின் 2015 சட்டப்படி ஒரு நாளைக்கு வேலை நேரம் அதிகபட்சம் 12 மணி, வாரத்துக்கு 1 நாள் ஓய்வு. ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று வாசித்துக் கேளுங்கள். ஒப்பந்தம், பாஸ்போர்ட் பிரதிகளோடு முதலாளியின் முகவரி, பணியகத்தின் 1989 இலக்கம் எல்லாம் மாமியார் கையில் இருக்கட்டும்.

பதில் 2:
சம்பளம் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வரட்டும். அதிலிருந்து மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகை வீட்டுக் கணக்குக்குத் தானாகப் போக, போகுமுன்பே பேங்கில் நிலையான கட்டளை எழுதிக் கொடுங்கள். முழுக் காசும் வீட்டுக்கே போனால் 2 வருடத்தில் மிச்சம் தேடுவது கஷ்டம்.

கேட்டவர்:
நன்றி. பிள்ளை விஷயம்தான் நெஞ்சை அடைக்கிறது. தூங்கும்போது போய்விடச் சொல்கிறார்கள்.

பதில் 3:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அக்கா. விழித்ததும் அம்மா இல்லை என்றால், பிறகு பாட்டி கடைக்குப் போனாலும் பிள்ளை பயப்படும். 3 வாரம் இருக்கும்போதே நீங்களே சொல்லுங்கள். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஸ்கூல் கூட்டிப் போவது எல்லாம் மாமியார் கைக்கு மாறட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழகினால் அழுகை குறையும். வகுப்பு டீச்சரிடமும் சொல்லி, பாதுகாவலராக மாமியார் பெயரை எழுதிக் கொடுங்கள்.

குவைத் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு 7.30 என்றால் அங்கே மாலை 5, வேலை மும்முரமாக இருக்கும். தினமும் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஓய்வு நாளில் நிச்சயம் என்று சொல்லுங்கள். மற்ற இரவுகளுக்குக் கதை, தாலாட்டு என்று 20 குரல் பதிவாவது கணவரின் போனில் ஏற்றி வையுங்கள். நீங்கள் உடுத்திய, துவைக்காத சேலை ஒன்றும் பிள்ளையின் படுக்கையில் இருக்கட்டும்.